பிரித்தானிய விசாவும் பராமரிப்பு வேலையும்

"உயர்தரம் முடித்தால் போதும், பிரித்தானியாவில் முதியோர் பராமரிப்பு வேலை கிடைக்கும்" என்று சிலர் இன்னும் சொல்வதைக் கேட்கிறேன். அந்தக் காலம் முடிந்துவிட்டது.

ஆட்பற்றாக்குறையால் 2022 பெப்ரவரியில் சுகாதாரப் பணியாளர் விசா பராமரிப்பாளர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அவர்களை அழைக்கும் நிறுவனம் அரசிடம் அனுசரணை உரிமம் பெற்றிருக்க வேண்டும். 2024 மார்ச் 11 முதல் புதிதாக விசா பெறும் பராமரிப்பாளர் தம் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது. 2025 ஏப்ரல் முதல் இங்கிலாந்தின் நிறுவனங்கள், அனுசரணையாளரை இழந்து அங்கே நிற்கும் பராமரிப்பாளர்களையே முதலில் தேட வேண்டியதாயிற்று. 2025 ஜூலை 22 அன்று, வெளிநாட்டிலிருந்து பராமரிப்பாளர்களைப் புதிதாகச் சேர்க்கும் வழியே மூடப்பட்டது.

ஏற்கனவே சென்றவர்களின் நிலையும் இலகுவானதல்ல. விசா ஒரே நிறுவனத்தோடு பிணைந்தது. நிறுவனத்தின் உரிமம் பறிபோனால், புதிய அனுசரணையாளரைத் தேடப் பணியாளருக்குப் பொதுவாக 60 நாட்களே கிடைக்கும். தவறு நிறுவனத்துடையது, தண்டனை பணியாளருக்கு.

ஆகவே தோழியரே, பெற்றோரே, இன்று "பராமரிப்பு விசா" எடுத்துத் தருவதாகப் பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள். தகுதிபெற்ற தாதியருக்கு வழி இன்னும் திறந்தே இருக்கிறது. அவர்களும் அழைக்கும் நிறுவனத்தின் பெயரை, பிரித்தானிய அரசு பகிரங்கமாக வெளியிடும் அனுசரணையாளர் பட்டியலில் தேடிப் பார்க்க வேண்டும். நகையை அடகு வைக்குமுன் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.