எஸ்.ஜி. பந்துக்கு இந்தக் கெட்ட பெயர் தகுமா?

டென்னிஸ் பாலில் ஆடிப் பழகிய பையன் ஸ்டிச் பாலுக்கு மாறும்போது, கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் எஸ்.ஜி. பந்துதான். ஜலகண்டாபுரத்தை அடுத்த சின்னப்பம்பட்டியின் நடராஜன், இருபது வயதுவரை டென்னிஸ் பாலில் ஆடிவிட்டு, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார். அதைப் பார்த்து வளர்ந்த பையன்கள் நம் பக்கம் நிறைய. பந்து வாங்கப் போனால் அவர்கள் காதில் விழுவது, "எஸ்.ஜி.யா? சீக்கிரம் பிஞ்சிரும்" என்ற பேச்சு. அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி அந்தப் பந்துக்குச் செய்யும் அநியாயம்.

சான்ஸ்பரெய்ல்ஸ் கிரீன்லாண்ட்ஸ் என்பதன் சுருக்கம்தான் எஸ்.ஜி. 1931இல் சியால்கோட்டில் தொடங்கிய தொழில், பிரிவினைக்குப் பிறகு மீரட்டுக்கு வந்து வேரூன்றியது. 1990களின் தொடக்கத்திலிருந்து இந்தியாவில் நடக்கும் டெஸ்ட் போட்டிகளுக்கு இதே பந்துதான். ரஞ்சிக் கோப்பைக்கும் இதுதான். இங்கிலாந்தில் டியூக்ஸ், ஆஸ்திரேலியாவில் கூக்கபுரா.

மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

எடையிலும் அளவிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. எந்தப் பந்தானாலும் 155.9 முதல் 163 கிராம் வரை இருக்க வேண்டும், சுற்றளவு 22.4 முதல் 22.9 செ.மீ. வரை. உள்ளே கார்க், அதைச் சுற்றி நூல், மேலே தோல். வித்தியாசமெல்லாம் தையலில். பந்தின் நடுவே ஆறு வரிசைத் தையல் ஓடுகிறது. கூக்கபுராவில் நடு இரண்டு வரிசை மட்டும் கைத்தையல், மற்ற நான்கும் மெஷின் தையல். அதனால் தையல் மேடு சீக்கிரம் அமுங்கிவிடும். டியூக்ஸிலும் எஸ்.ஜி.யிலும் ஆறு வரிசையும் கைத்தையல். எஸ்.ஜி.யில் வரிசைகள் நெருக்கமாக இருக்கும், மேடும் தூக்கலாக இருக்கும். சுழற்பந்து வீச்சாளரின் விரலுக்குப் பிடி கிடைப்பது அந்த மேட்டில்தான்.

கைத்தையலுக்கு உள்ள பலவீனமும் இங்கேதான். நூலை இழுத்துக் கட்டுவது மனிதக் கை. தோலும் மாட்டுக்கு மாடு மாறும். ஒரே பெட்டியில் வந்த இரண்டு பந்துகள் இரண்டு விதமாக நடந்துகொள்ளலாம்.

குற்றச்சாட்டு என்ன?

2018 அக்டோபரில், ராஜ்கோட் டெஸ்டுக்கும் ஹைதராபாத் டெஸ்டுக்கும் இடையில், அப்போதைய இந்திய அணிக் கேப்டன் விராட் கோலி வெளிப்படையாகப் பேசினார். ஐந்து ஓவரிலேயே பந்து தேய்ந்து சொரசொரப்பாகிவிடுகிறது, முன்பிருந்த தரம் இப்போது இல்லை, டெஸ்டுக்கு டியூக்ஸே சிறந்தது என்றார். முன்பெல்லாம் எழுபது எண்பது ஓவர் ஆன பிறகும் எஸ்.ஜி.யின் தையல் நிமிர்ந்து நிற்கும், இப்போது அப்படி இல்லை என்பது சுழற்பந்து வீச்சாளர் அஸ்வினின் வருத்தம். 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்து ஆடிய முதல் டெஸ்டில் நிலைமை இன்னும் மோசம். முப்பத்தைந்து நாற்பது ஓவரிலேயே தையல் உரியத் தொடங்கியது, எஸ்.ஜி. பந்து இப்படிக் கிழிந்து பார்த்ததே இல்லை என்றார் அஸ்வின்.

இவர்களின் புகாரைத் தோற்றவர்களின் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. ராஜ்கோட்டில் இந்தியா ஜெயித்திருந்தது. வாழ்நாள் முழுக்க அந்தப் பந்தை வீசிய கை அஸ்வினுடையது. எண்பது ஓவருக்கு ஒருமுறைதான் புதுப் பந்து கிடைக்கும் ஆட்டத்தில் நாற்பது ஓவரில் தையல் உரிந்தால் அது குறைதான். அந்த அளவுக்குக் கெட்ட பெயர் நியாயமே.

மறுபக்கம் என்ன?

கோலி பேசிய மறுநாள் தொடங்கிய ஹைதராபாத் டெஸ்டில், உமேஷ் யாதவ் அதே எஸ்.ஜி. பந்தில் பத்து விக்கெட் எடுத்தார். 2019 நவம்பரில் கொல்கத்தாவில் நடந்த பகலிரவு டெஸ்டில், எஸ்.ஜி.யின் இளஞ்சிவப்புப் பந்தில் விழுந்த வங்கதேச விக்கெட் பத்தொன்பதும் வேகப்பந்து வீச்சாளர்களுக்கே. தையல் உரிந்ததாகச் சொல்லப்பட்ட அந்தச் சேப்பாக்கம் டெஸ்டிலேயே, இரண்டாவது இன்னிங்ஸில் அஸ்வின் 61 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். கடைசி நாள் காலையில் இங்கிலாந்தின் ஆண்டர்சன் பழைய பந்தை ரிவர்ஸ் ஸ்விங் செய்து, ஒரே ஓவரில் கில்லையும் ரஹானேயையும் போல்டாக்கினார். ஒன்றுக்கும் உதவாத பந்தில் இதெல்லாம் நடக்காது. முதல் இரண்டு நாள் ஆடுகளம் கல்லாக இருந்ததும் தையல் உரியக் காரணமாக இருக்கலாம் என்று அஸ்வினே சொன்னார்.

கோலி புகழ்ந்த டியூக்ஸுக்கும் அதே கதி வந்தது. 2025 ஜூலையில் லார்ட்ஸ் டெஸ்டில் இந்தியா எடுத்த இரண்டாவது புதுப் பந்து, பத்து ஓவர் தாண்டியதுமே வடிவம் கெட்டு மாற்றப்பட்டது. அந்தத் தொடர் முழுக்க இரண்டு அணிக்கும் பந்தைப் பற்றியே புகார். ஆக, இது கையால் செய்யும் பந்துகள் எல்லாவற்றுக்கும் உள்ள சிக்கல். எஸ்.ஜி.யை மட்டும் தனியாகக் கூண்டில் ஏற்றுவது முறையல்ல.

நம் ஊரில் பிய்வது எந்தப் பந்து?

எஸ்.ஜி. என்பது ஒரே பந்தின் பெயரல்ல. டெஸ்ட், டோர்னமென்ட், கிளப் என்று பல தரம் உண்டு, விலையும் அதற்கேற்ப ஏறி இறங்கும். பிராக்டிஸுக்கென்று குறைந்த விலையில் வாங்கிய பந்தை மேட்டிங் விரித்த பிட்ச்சிலும், புல் இல்லாத கட்டாந்தரையிலும் அடித்துத் துவைத்துவிட்டு, கோலி சொன்னது சரிதான் என்கிறோம். கோலி சொன்னது டெஸ்ட் பந்தைப் பற்றி. தறியில் ஓடும் நாற்பதாம் நம்பர் நூலையும் நூறாம் நம்பர் நூலையும் ஒரே விலைக்கு யாரும் கேட்பதில்லை. பந்திலும் அந்தக் கணக்கு வேண்டும்.

வாங்கும்போது பெயரோடு நிற்காமல் பந்தைப் பாருங்கள். ஒவ்வொரு பாதியின் நடுவிலும் மெல்லிய இணைப்புக் கோடு ஓடினால் அது நான்கு துண்டுத் தோலில் செய்த பந்து. கோடு இல்லையென்றால் இரண்டு துண்டு. மேட்சுக்கு நான்கு துண்டுப் பந்துதான் சரி. தையலை நகத்தால் நெருடிப் பாருங்கள், நூல் அசையக் கூடாது. ஆறு வரிசையும் வளையாமல் ஓட வேண்டும். கடை மேசைமேல் உருட்டுங்கள். கோணலாக ஓடினால் வேறு கேளுங்கள். விளையாடி முடித்ததும் மண்ணைத் துடைத்து, ஈரம் படாமல் வையுங்கள்.

பந்துக்குப் பந்து தரம் மாறுகிறது என்பதுதான் எஸ்.ஜி. மீது நிற்கும் ஒரே உண்மையான குற்றம். அதைத் தீர்க்க வேண்டியது மீரட்டில் இருப்பவர்கள். அஸ்வினைப் போன்றவர் சொன்ன குறையை அவர்கள் காதில் போட்டுக்கொண்டே ஆக வேண்டும். மற்றபடி, சொந்த மண்ணில் அஸ்வின் எடுத்த 383 டெஸ்ட் விக்கெட்டும் எஸ்.ஜி. பந்தில் வந்தவை. யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு பையன் அந்தப் பந்தை ஒதுக்க வேண்டியதில்லை. நாளைக்கு லீக்கிலோ ரஞ்சியிலோ ஆடப் போனால் அவன் வீசப்போவதும் அதைத்தான். அதன் தையல் இப்போதே விரலுக்குப் பழகட்டும்.