ஐயம் கொள்வது தவறன்று, காத்திருப்பதே தவறு

அஸர் தொழுகை முடிந்து மதரஸாவின் திண்ணையில் அமர்ந்திருந்தேன். முன்னாள் மாணவர் ஒருவர் ஸலாம் சொல்லி அருகே வந்தார். சவூதியில் பணிபுரிபவர், இரண்டு மாத விடுப்பில் ஊர் வந்திருந்தார். நலம் விசாரிக்கவும் இடம் தராமல், கையிலிருந்த கோப்பை என் மடியில் வைத்தார்.

“இதைப் படித்துப் பாருங்கள் ஹஸ்ரத். என் மகளை 20 நிமிடம் பார்த்தார்களாம். ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்து விட்டார்கள்.”

குழந்தைக்கு வயது இரண்டரை. தவழ்ந்ததும் தாமதம், நடந்தது 22-ஆம் மாதத்தில். ‘உம்மா’ என்ற சொல் கூட இன்னும் தெளிவாக வரவில்லை. இவற்றையெல்லாம் அவர் மறுக்கவில்லை. அவர் மறுத்தது அந்த ஒரு சொல்லைத்தான்.

“நான் தொழும்போது பக்கத்தில் வந்து ஸஜ்தாச் செய்கிறாள் ஹஸ்ரத். என்னைக் கண்டால் சிரிக்கிறாள், மடியில் ஏறுகிறாள். ஆட்டிசம் உள்ள பிள்ளை இப்படியெல்லாம் செய்யுமா? என் தம்பியே நான்கு வயதில்தான் பேசினான் என்று உம்மா சொல்கிறார். பயிற்சிக்கு அழைத்துப் போக வேண்டாம் என்று மூன்று மாதங்களுக்கு முன்பே போனில் சொல்லி விட்டேன்.”

பொறுமையையும் துஆவையும் பற்றி நான்கு வார்த்தை சொல்லி அனுப்பி வைத்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரு தந்தை கேட்ட கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை என்று மனம் உறுத்தியது. மறுநாள் முதல் எனக்கறிமுகமான குழந்தைநல மருத்துவர் ஒருவரிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் தெரிந்துகொண்டவற்றை, இதே கேள்வியோடு இருக்கும் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகின்றேன்.

ஐயம் கொள்ளலாமா?

கொள்ளலாம். அது கத்ரின் மீதுள்ள நம்பிக்கையைக் குறைப்பதுமன்று, மருத்துவரை அவமதிப்பதுமன்று.

ஆட்டிசத்தை இரத்தப் பரிசோதனையோ ஸ்கேன் படமோ காட்டித் தருவதில்லை. குழந்தையின் நடத்தையைக் கவனித்தும், பெற்றோரை விரிவாக விசாரித்துமே முடிவு செய்கின்றனர். ஆகவே பார்த்தவர் யார், எவ்வளவு நேரம் பார்த்தார், குழந்தை அப்போது எந்நிலையில் இருந்தது என்பவையெல்லாம் முடிவைப் பாதிக்கும். பயணக் களைப்போடும் பசியோடும் அந்நிய அறையில் அழுதுகொண்டிருக்கும் பிள்ளை, தன் வீட்டு முற்றத்தில் விளையாடும் பிள்ளையாக இராது.

மேலும், வடிகட்டிப் பார்ப்பது வேறு. தீர்ப்புச் சொல்வது வேறு. 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு ‘எம்-சாட்’ என்னும் வினாப்பட்டியல் உலகெங்கும் பயன்படுகின்றது. அதில் 20 கேள்விகள் உள்ளன. அதில் மதிப்பெண் கூடினால், ‘இக்குழந்தையை வல்லுநர் விரிவாகப் பார்க்க வேண்டும்’ என்பதே பொருள்; ‘ஆட்டிசம் உறுதி’ என்பதன்று. அவ்வாறு கூடுதல் மதிப்பெண் பெற்று மேல் ஆய்வுக்குச் செல்லும் குழந்தைகளில் சிலருக்கு ஆட்டிசம் இல்லாமல் வேறு வகை வளர்ச்சித் தாமதம் இருப்பது தெரிய வருவதுண்டு. உங்கள் கையிலிருக்கும் தாள் எந்த வகையைச் சேர்ந்தது என்று கேட்பது உங்கள் உரிமை.

எந்த வயதோடு ஒப்பிடுவது?

இதுவே நான் தெரிந்துகொண்டவற்றுள் முதன்மையானது. இரண்டரை வயதுக் குழந்தையின் அறிவு வளர்ச்சி ஒன்றேகால் வயது அளவில் நிற்கின்றது என்று கொள்வோம். அக்குழந்தை பிற பிள்ளைகளோடு கூடி விளையாடவில்லை, பாவனை விளையாட்டு விளையாடவில்லை என்பதை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று கூறிவிட முடியாது. ஒன்றேகால் வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் அவ்வாறு விளையாடுவதில்லை அல்லவா? அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட வரையறையும், குழந்தையின் பொதுவான வளர்ச்சி நிலைக்கு எதிர்பார்க்கத்தக்க அளவை விடவும் அதன் பழகும் தன்மை குறைந்திருக்க வேண்டும் என்றே கூறுகின்றது.

ஆகவே, தாமதமாக வளரும் பிள்ளையிடம் அதன் வளர்ச்சி நிலைக்கேற்ப எவற்றைக் காணலாம் என்று வல்லுநர் பார்ப்பார். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகின்றதா? வேண்டியதைக் கேட்பதற்காக மட்டுமின்றி, ‘அதோ பார்’ என்று காட்டுவதற்காகவும் விரல் நீட்டுகின்றதா? காட்டிய பின் நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கின்றதா? நாம் செய்வதைப் பார்த்துச் செய்கின்றதா? ஒரே அசைவை, ஒரே பொருளை விடாமல் பற்றிக்கொண்டிருக்கின்றதா? ஓசையோ தொடுதலோ அளவுக்கு மீறி அதனைக் கலங்க வைக்கின்றதா?

தந்தையின் பக்கம் பார்த்தால், வாப்பாவோடு சேர்ந்து ஸஜ்தாச் செய்வது நல்ல அடையாளம். அதை மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். ஆனால் சிரிப்பதும் மடியில் ஏறுவதும் ஆட்டிசம் இல்லை என்பதற்குச் சான்றாகா. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் சிரிக்கின்றனர், கட்டித் தழுவுகின்றனர், பெற்றோரை உயிராக நேசிக்கின்றனர். வளர்ச்சித் தாமதமும் ஆட்டிசமும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருப்பதும் உண்டு. ஒன்று இருப்பதால் மற்றது இல்லை என்றாகிவிடாது.

முதலில் செவி

அழைத்தால் திரும்பாத குழந்தைக்கு முதலில் பார்க்க வேண்டியது செவித்திறன். கதவைச் சாத்தும் ஓசைக்குத் திரும்புகின்றது என்பதனால் பேச்சொலி முழுவதும் கேட்கின்றது என்று கருதிவிட முடியாது. குழந்தை உறங்கும்போதே செய்யத்தக்க ‘பேரா’ என்னும் பரிசோதனை இருக்கின்றது. கண் பார்வையையும் தைராய்டு சுரப்பையும் பார்க்கச் சொல்வர். தேவையென்று கருதினால் மரபணுச் சோதனைக்கும் மருத்துவர் எழுதுவார். நெருங்கிய உறவில் நடந்த திருமணமா என்றும் கேட்பார். அது குற்றச்சாட்டன்று, விசாரணையின் ஒரு பகுதி. மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

ஐயமுள்ள பெற்றோர் கோப்பைக் கிழித்தெறிவதால் பயனில்லை. இவ்வைந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள்.

1. இது தொடக்கநிலை வடிகட்டலா, முழுமையான மதிப்பீடா?
2. என் பிள்ளையின் வளர்ச்சி நிலை எத்தனை மாத அளவில் உள்ளது? அந்த அளவோடு ஒப்பிட்டுத்தான் இதைச் சொன்னீர்களா?
3. எந்தெந்த நடத்தைகளைக் கண்டு இம்முடிவுக்கு வந்தீர்கள்?
4. செவித்திறன் பரிசோதனை முடிந்ததா?
5. மறுபடியும் எப்போது பார்க்க வேண்டும்? அதுவரை நாங்கள் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

நல்ல மருத்துவர் இக்கேள்விகளால் கோபமடைய மாட்டார். வீட்டில் குழந்தை விளையாடுவதை, உண்பதை, அழைத்தால் என்ன செய்கின்றது என்பதைச் செல்போனில் சிறு சிறு படங்களாக எடுத்துச் சென்று காட்டுங்கள். இரண்டாவது கருத்துக் கேட்கச் செல்லும்போது முதல் அறிக்கையை மறைக்காதீர்கள்.

ஆனால் ஒன்று. இரண்டாவது கருத்து வரும் வரை பயிற்சியை நிறுத்தி வைக்காதீர்கள். பெயர் எதுவாயினும், பேசாத பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி வேண்டும். தளர்ந்த கைகால்களுக்கு உரிய பயிற்சி வேண்டும். வீட்டிலும் செய்யலாம்: பிள்ளைக்கு எதிரே தரையில் அமருங்கள். செல்போனையும் தொலைக்காட்சியையும் அணைத்து வையுங்கள். அது விரும்பும் பொருளை உங்கள் கண்ணருகே பிடித்து, பெயரைச் சொல்லி, சற்றே காத்திருங்கள். அது பார்த்தாலோ கை நீட்டினாலோ உடனே கொடுங்கள். நாளுக்குப் பலமுறை, சில நிமிடங்கள் போதும். ஆட்டிசம் இல்லையென்று பின்னர் தெரிந்தாலும் இதனால் எந்த இழப்பும் இல்லை. இருந்து, நாம் நிறுத்தி வைத்திருந்தால், போன மாதங்கள் திரும்பி வாரா.

தமிழகத்தின் மாவட்டங்களில் அரசு மருத்துவமனைகளோடு இணைந்து, வளர்ச்சித் தாமதத்தைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து பயிற்சியளிக்கும் மையங்கள் இயங்குகின்றன. 2013-ல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தின் கீழ் வருபவை இவை. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கின்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் 21 வகைகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. மருத்துவ அறிக்கை வேறு, அரசு அடையாள அட்டை வேறு. அறிக்கை வாங்கியதாலேயே பிள்ளையின் மீது முத்திரை விழுந்துவிடுவதில்லை. ஆட்டிசத்தை முற்றிலும் குணமாக்குவதாகக் கூறி இலட்சக்கணக்கில் பணம் கேட்போரிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அத்தகைய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை.

தாயைக் குற்றவாளி ஆக்காதீர்

1943-ல் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோதுதான் ஆட்டிசம் மருத்துவ உலகில் பரவலாக அறியப்பட்டது. பின்னர் பல்லாண்டுக் காலம், தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்று மேலைநாட்டு அறிஞர்களே எழுதி வந்தனர். எத்தனை தாய்மார் அக்குற்றச்சாட்டைச் சுமந்து அழுதிருப்பர்! ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட் என்னும் உளவியலார் 1964-ல் நூலெழுதி அதை மறுத்தார். தட்டம்மைத் தடுப்பூசியே காரணம் என்ற ஐயத்தைக் கிளப்பி 1998-ல் வெளியான ஆய்வுக் கட்டுரையை, அதை வெளியிட்ட ‘லான்செட்’ இதழே 2010-ல் திரும்பப் பெற்றது. மரபணுக்களுக்கே இதில் பெரும்பங்கு உண்டு என்பது இன்று தெளிவு.

ஆனால் நம் வீடுகளில் அந்தப் பழைய குற்றச்சாட்டு வேறு உருவில் உயிரோடிருக்கின்றது. “நீதான் செல்போனைக் கொடுத்துக் கெடுத்தாய்”, “உன் வீட்டு வழிதான் இப்படி” என்று மருமகளைக் குத்தும் சொற்கள் எத்தனை! கணவர் கடல் கடந்திருக்க, பிள்ளையைத் தோளில் சுமந்து பேருந்தேறி மருத்துவமனை வாசலில் காத்திருப்பவள் அவள்தான். அவளுக்குச் சொல்லாலும் துணை நில்லாதவர்கள் துஆ மட்டும் செய்து என்ன பயன்?

மூஸா நபி (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சு அவிழ வேண்டி இறைவனிடம் இறைஞ்சினார்கள். அத்தோடு நிற்கவில்லை, தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகத் தருமாறும் வேண்டினார்கள். துஆவும் வேண்டும், துணையும் வேண்டும். திக்கிய நாவுக்குத் துணை தேடுவது தவக்குலுக்கு முரணன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று எதற்கு?

அந்தக் குழந்தை

அம்மாணவரை மறுபடி அழைத்து இவற்றைச் சொன்னேன். விடுப்பு முடிவதற்குள் வேறோர் இடத்தில் காட்டினார். செவித்திறன் பழுதில்லை. இரண்டு நாட்கள் அழைத்து, விளையாட விட்டுப் பார்த்தார்கள். ‘வளர்ச்சித் தாமதம் உறுதி, ஆட்டிசத்தின் சில அடையாளங்கள் உள்ளன, மூன்று வயதில் மீண்டும் பார்ப்போம், பயிற்சி இன்றே தொடங்கட்டும்’ என்று எழுதினார்கள்.

மூன்று வயது நிறைந்தபின் அவர் சவூதியிலிருந்து போன் செய்தார். “அதே சொல்தான் எழுதியிருக்கிறார்கள் ஹஸ்ரத். ஆட்டிசம்தான். ஆனால் இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை. என் மகளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறார்கள். இதைச் சொல்வதற்கு முன் அவளைப் பார்த்திருக்கிறார்கள்.”

குழந்தை இப்போது தாகமெடுத்தால் தாயின் கையைப் பற்றித் தண்ணீர்ப் பானையருகே இழுத்துச் செல்கின்றாளாம். பானையைத் தொட்டுக் காட்டிவிட்டுத் தாயின் முகத்தைப் பார்க்கின்றாளாம். மகிழ்ச்சியோடு சொன்னார். பிறகு சற்று நேரம் பேச்சில்லை.

“என் மனைவி ஒன்றுமே சொல்லவில்லை ஹஸ்ரத். நான் நிறுத்தச் சொன்ன அந்த மூன்று மாதத்தை நினைத்தால்தான்...”

அவருடைய ஐயத்தில் தவறில்லை. நின்று போன மூன்று மாதங்களே தவறு. அது மற்றொரு வீட்டில் நேராதிருக்கட்டும் என்றுதான், அவர் அனுமதியோடு இதை எழுதினேன்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். அவர்களை உள்ளபடி அறிந்து, உள்ளபடி நேசித்து, உரிய வேளையில் உரிய உதவியைத் தேடித் தரும் பெற்றோராக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.