சினிமாவும் செவ்விந்தியரும்

1890-ம் வருஷம் டிசம்பர் 29-ந் தேதி, அமெரிக்காவின் தென் டகோடாவில் 'ஊண்டட் நீ' என்னும் ஓடைக்கரையில், லகோட்டா ஜனங்கள் 150 பேருக்கு மேல் அமெரிக்கத் துருப்புகளால் கொல்லப்பட்டனர். அவர்களில் ஸ்திரீகளும் குழந்தைகளும் அநேகர். மாண்ட முன்னோர் மீள்வர், பறிபோன பூமி திரும்பும் என்று நம்பி அவர்கள் ஆடிய 'ஆவி நடனம்' கலகத்துக்கு அறிகுறி என்று அதிகாரிகள் அஞ்சியதே இவ்வளவுக்கும் மூலம். நான்கு வருஷம் நிறையவில்லை. 1894 செப்டம்பரில், லகோட்டாக்களும் அடங்கிய சூ வகுப்பார் சிலர், ஒரு காட்சிக் கம்பெனியுடன் வந்து, எடிசனின் நியூஜெர்ஸி படசாலையில் ஆடினர். அப்படத்துக்கு இட்ட பெயர் 'சூ வகுப்பாரின் ஆவி நடனம்'! சொந்த மண்ணில் ஆடினால் குண்டு. காமிராவின் முன் ஆடினால் கூலி.

அமெரிக்க சினிமாவுக்கும் அந்நாட்டுப் பூர்வகுடிகளுக்கும் சம்பந்தம் இவ்வாறே ஆரம்பமாயிற்று. 1939-ல் ஜான் போர்டு டைரக்ட் செய்த 'ஸ்டேஜ்கோச்' படத்தைப் பாருங்கள். வெள்ளைப் பிரயாணிகள் செல்லும் வண்டியை அப்பாச்சி வீரர்கள் துரத்துகின்றனர். அவ்வீரர்களாகக் குதிரையேறியவர்களோ நவஹோ வகுப்பார். எந்த வகுப்பாராயிருந்தாலென்ன என்பது ஹாலிவுட்டின் எண்ணம். காமிரா வண்டியின் பக்கம் இருக்கிறது. ஆகவே பார்ப்பவர் நெஞ்சும் வண்டிக்குள்ளேயே துடிக்கிறது. இந்தப் பூமி யாருடையது என்று கேட்க எவருக்கும் தோன்றுவதில்லை. அபகரித்தவன் அபலையாகவும், பறிகொடுத்தவன் பாதகனாகவும் மாறிவிடுகின்றனர்.

தலைவர் வேஷமாவது அவர்களுக்குக் கிடைத்ததா? 1950-ல் வந்த 'புரோக்கன் ஆரோ' படத்தில் அப்பாச்சித் தலைவர் கொச்சீஸாக நடித்தவர் புரூக்ளினில் பிறந்த ஜெப் சாண்ட்லர். 1956-ல் வந்த 'தி சர்ச்சர்ஸ்' படத்தில் கொமாஞ்சித் தலைவனாக வந்தவர் ஜெர்மனியில் பிறந்த ஹென்றி பிராண்டன்.

இது அயலார் விஷயம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. கொலம்பஸின் பிழையினால் நமது பெயரையே சுமந்தவர்கள் அவர்கள். நம்மையும் இதே காமிரா விட்டுவைக்கவில்லை. 1938-ல் 'தி டிரம்' என்ற பிரிட்டிஷ் படத்தை எதிர்த்துப் பம்பாயில் கிளர்ச்சி எழுந்தது. 1939-ல் ஹாலிவுட் அனுப்பிய 'கங்கா தீன்' படத்தில், வெள்ளைப் பட்டாளத்துக்காக உயிர்விடும் தண்ணீர்க்காரனாக நடித்தவர் நியூயார்க்கில் பிறந்த ஸாம் ஜாப். அந்நிய ராணுவத்துக்கு உழைப்பவன் உத்தமன், எதிர்ப்பவன் வெறியன் என்பதே கதையின் சாரம்.

வெறும் பொழுதுபோக்குக்கு இத்தனை ஆக்ஷேபம் ஏன் எனச் சிலர் வினவலாம். சட்டசபையில் சொன்னால் மறுத்துரைக்கப்படும் பொய், கொட்டகை இருளில் மறுப்பாரின்றி மனத்தில் இறங்குகிறது. அதுவே அபாயம்.

1973-ல் மார்லன் பிராண்டோ, சினிமாவில் பூர்வகுடிகளுக்கு இழைக்கப்படும் அநீதியைக் கண்டித்து ஆஸ்கார் பரிசை மறுத்தார். அச்சமயம் அதே ஊண்டட் நீயில் பூர்வகுடிகள் உரிமைப்போர் நடத்திக்கொண்டிருந்தனர். 1998-ல் 'ஸ்மோக் சிக்னல்ஸ்' வெளிவந்தது. எழுதியவரும், டைரக்ட் செய்தவரும், முக்கிய நடிகர்களும் பூர்வகுடிகளே. 2023-ல் வந்த 'கில்லர்ஸ் ஆப் தி பிளவர் மூன்', எண்ணெய்ச் செல்வத்துக்காக 1920-களில் ஓசேஜ் ஜனங்கள் கொலையுண்டதைக் காட்டியது. அதில் நடித்த லில்லி கிளாட்ஸ்டன், சிறந்த நடிகைக்கான ஆஸ்காருக்குப் பெயர் குறிக்கப்பட்ட முதல் அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்மணி. ஆயினும் கதையின் கடிவாளம் அங்கும் வெள்ளைக் கணவன் கையிலேயே இருந்தது.

இரக்கம் வேறு, உரிமை வேறு. தன் கதையைத் தானே சொல்லும் உரிமை இல்லாத ஜனசமூகம், எவ்வளவு அன்பாகச் சித்தரிக்கப்பட்டாலும், பிறர் வீட்டு விருந்தாளியே. இதை உணர்ந்த நாம், நமது படங்களில் மலைவாசிகளுக்கு இறகு சூட்டிப் பொருளற்ற கூச்சல் போடவைப்பதைச் சிரித்துக்கொண்டு பார்க்கலாமா? அன்று நாம் கேட்ட நியாயத்தை இன்று நம்மிடம் அவர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்லப் போகிறோம்?