வலிப்புக்கும் வலிக்கும் ஒரே மாத்திரை

சென்ற கல்வியாண்டில் நடந்தது. மதிய உணவுக்குப் பின் வரும் முதல் பாடவேளையில், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் தினமும் தூங்கி வழிந்தான். இரண்டு முறை எழுப்பி நிற்க வைத்தேன். மூன்றாம் முறை, "ராத்திரி முழுக்க செல்போனா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். வகுப்பு சிரித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாள் அவன் அம்மா வந்தார். பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். "சார், அவனுக்குச் சின்ன வயசுல இருந்து ஃபிட்ஸ் இருக்கு. போன வாரம்தான் மாத்திரையை மாத்துனாங்க. அதுலதான் தூக்கம் வருது. பசங்க கேலி பண்ணுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. படிப்பு கெடுதேன்னு, மாத்திரையை நிறுத்திடலாமான்னு இருக்கேன்" என்றார்.

அட்டையில் கார்பமாசெபைன் என்றிருந்தது. எனக்குப் பழக்கமான பெயர். என் அம்மா அதே மாத்திரையைச் சாப்பிடுகிறார். ஆனால் அவருக்கு வலிப்பு கிடையாது. முகத்தின் ஒரு பக்கத்தில் மின்சாரம் பாய்ந்ததுபோல் வெட்டும் வலி. பல் துலக்கினால் வரும், காற்றுப் பட்டால்கூட வரும். பல்வலி என்று நினைத்து இரண்டு பற்களைப் பிடுங்கிய பிறகுதான், அது ஐந்தாம் கபால நரம்பில் எழும் வலி என்று தெரிந்தது. மூளையில் வரும் வலிப்புக்கும் முகத்தில் வரும் வலிக்கும் ஒரே மருந்து எப்படி வேலை செய்யும்? அறிவியல் ஆசிரியராக இத்தனை ஆண்டுகள் இருந்தும் அதுவரை நான் இதை யோசித்ததில்லை.

விடை நாம் நடத்தும் நரம்புத் தூண்டல் பாடத்திலேயே இருக்கிறது. நரம்பு செல்லின் சவ்வில் சோடியம் அயனிகளுக்கென்று நுண்ணிய வாயில்கள் உள்ளன. தூண்டல் வரும்போது அவை திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது. ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு நொடியில் வாயில் தானாக அடைபடுகிறது. அடைபட்ட வாயில் உடனே மறுபடி திறக்காது, அதற்குச் சிறு ஓய்வு வேண்டும். ஊசிக்கணவாயின் தடித்த நரம்பிழையை வைத்து இந்த மின்னோட்டங்களை அளந்து, 1952இல் கணக்காக எழுதிக் காட்டியவர்கள் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற ஆங்கிலேயர்கள். 1963இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

கார்பமாசெபைன், அந்த அடைபட்ட நிலையில் இருக்கும் வாயிலைப் பற்றிக்கொண்டு அதன் ஓய்வு நேரத்தை நீட்டிக்கிறது. நிதானமாக வேலை செய்யும் நரம்பு செல்லுக்கு இதனால் பெரிய இடைஞ்சல் இல்லை. அடுத்த தூண்டல் வருவதற்குள் வாயில் தயாராகிவிடும். இடைவிடாமல் வெடித்துக்கொண்டிருக்கும் செல்தான் சிக்கிக்கொள்கிறது. சுழல் கதவில் ஒவ்வொருவராகப் போனால் தடையில்லை, முண்டியடித்தால் நின்றுவிடுகிறது அல்லவா, அதுபோல.

வலிப்பின்போது மூளையில் திரளான நரம்பு செல்கள் ஒரே நேரத்தில் வெடிக்கின்றன. என் அம்மாவுக்கு வந்த வலியில், பெரும்பாலும் நரம்பின் வேர்ப் பகுதியை ஓர் இரத்தக்குழாய் அழுத்தி, மயலின் உறை தேய்ந்து, அந்த நரம்பு கட்டுப்பாடின்றி வெடிக்கிறது. இடம் வேறு, கோளாறு ஒரே வகை. ஆகவே மருந்தும் ஒன்று. சாதாரணத் தலைவலிக்கு இது உதவாததன் காரணமும் இதுதான்.

வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. 1953இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கெய்கி நிறுவனத்தின் வேதியியலாளர் வால்டர் ஷிண்ட்லர் இதைக் கண்டறிந்தார். அமெரிக்காவில் இதற்கு முதலில் அனுமதி கிடைத்தது முக நரம்பு வலிக்குத்தான், 1968இல். வலிப்புக்கு 1974இல்தான் கிடைத்தது.

சரி, தூக்கம் ஏன்? மனித உடலில் சோடியம் வாயில்கள் ஒன்பது வகை. இந்த மருந்துக்கு அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மூளை முழுவதும் கொஞ்சம் கொஞ்சம் கை வைக்கிறது. இப்போதைய ஆராய்ச்சியின் கவனமெல்லாம் இங்குதான். வட பாகிஸ்தானில் தெருவில் வித்தை காட்டிய ஒரு சிறுவன் கையில் கத்தியைச் செருகுவான், தீக்கங்கில் நடப்பான், வலியே தெரியாது. பதினான்கு வயது நிறையும் முன்பே கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனுடைய உறவினர்களை ஆராய்ந்தபோது, ஒன்பதில் ஒரு வகை வாயில் அவர்களிடம் வேலை செய்யவில்லை என்று 2006இல் தெரியவந்தது. அந்த வாயிலை மட்டும் அடைக்கும் மருந்துக்காக நடந்த முயற்சிகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஆனால் வலி உணரும் நரம்புகளில் உள்ள இன்னொரு வகை வாயிலை அடைக்கும் சுசெட்ரிஜின் என்ற மாத்திரைக்கு 2025 ஜனவரியில் அமெரிக்கா அனுமதி அளித்தது. மார்ஃபின் வகையைச் சேராத வலி நிவாரணி அது.

இவ்வளவையும் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்பைவிடக் கடுமையாகத் திரும்பலாம், உயிருக்கே ஆபத்து என்பதை மட்டும் சொன்னேன். கல்லீரல் இந்த மருந்துக்குச் சில வாரங்களில் பழகி அதை வேகமாகச் சிதைக்கத் தொடங்கும். தூக்கம் குறைய வாய்ப்புண்டு. தோலில் தடிப்போ காய்ச்சலோ வந்தால் மட்டும் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள் என்றேன். அவர் மருத்துவரைப் பார்த்தார். இரவு வேளைக்கு அளவைக் கூட்டி, பகலில் குறைத்துக் கொடுத்தார்களாம்.

மாணவனிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார்" என்றான். பிறகு நரம்பு மண்டலப் பாடத்தில், யார் பெயரும் சொல்லாமல், வலிப்பு முதலுதவிக்கு ஒரு பாடவேளை ஒதுக்கினேன். கையில் சாவியோ இரும்போ கொடுக்க வேண்டாம். வாயில் எதையும் திணிக்க வேண்டாம். அழுத்திப் பிடிக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. சாவி கொடுத்தால் நிற்கும் என்று வகுப்பில் பாதிப் பேர் நம்பியிருந்தார்கள். ஓய்வறையில் இருந்த சக ஆசிரியர்களில் சிலரும்தான்.

அவன் இப்போது பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் பிரிவு படிக்கிறான். மதிய வேளையில் எப்போதாவது கொட்டாவி விடுவானாம். அவன் அம்மாவின் சம்மதத்தோடு, வகுப்பாசிரியையிடம் முதல் நாளே விவரம் சொல்லிவைத்திருக்கிறேன்.