பணம் யார் பேருக்கு வந்தது?



இந்தப் பகுதியில் சகோதரிகள் எழுதுவதை வாரம் தவறாமல் படிக்கிறவள் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை. பத்தாம் வகுப்பு வரைதான் படித்திருக்கிறேன். பிழை இருந்தால் திருத்திக் கொள்ளுங்கள்.

எனக்கு வயது 37. ஈரோட்டில் எங்கள் வீட்டு மாடியில், பெண்களுக்கு மட்டும் ஒரு சின்ன உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறேன். ஜிம் என்றதும் பெரிசாக நினைத்துவிடாதீர்கள். தகர ஷீட் போட்ட ஒரு ஹால், பதினைந்து விரிப்பு, இரண்டு சைக்கிள், கொஞ்சம் டம்பெல், ஒரு பெரிய கண்ணாடி, அவ்வளவுதான். இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் உடம்பு பெருத்து, இடுப்பு வலி தாங்காமல் ஒரு லேடீஸ் ஜிம்மில் சேர்ந்தேன். அங்கேயே உதவிக்கு இருந்து கற்றுக்கொண்டு, 2019-ல் சொந்தமாக ஆரம்பித்தேன். விடியற்காலை 5.30-க்கு ஒரு பேட்ச். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு வருகிறவர்களுக்கு 10.30-க்கு ஒரு பேட்ச். மாதம் 700 ரூபாய்.

ஆரம்பத்தில் எல்லாம் ரொக்கம்தான். மாசம் பிறந்தால் ஒரு ஹார்லிக்ஸ் டப்பாவில் போட்டு வைப்பேன். பால்காரர் வந்தால் அதில் இருந்து எடுப்பேன், சிலிண்டர் வந்தால் எடுப்பேன், பையன் நோட்டு வாங்கணும் என்றால் எடுப்பேன். வந்த கணக்கு நோட்டில் இருக்கும், போன கணக்கு எங்கேயும் இருக்காது. மாசக் கடைசியில் டப்பாவைக் கவிழ்த்தால் சில்லறைதான் விழும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மாடி பூட்டிக் கிடந்தது. திரும்பத் திறந்தபோது ரூபாய் நோட்டைக் கையில் வாங்கவே எல்லோருக்கும் பயம். "நம்பர் குடுங்க அக்கா, போன்ல போட்டு விட்டர்றோம்" என்றார்கள். என்னிடம் இருந்தது பட்டன் போன். மகளிர் குழுவுக்காக எப்போதோ என் பேரில் தொடங்கிய ஒரு கணக்கு இருந்தது. வருஷக் கணக்காக அதில் போட்டதும் இல்லை, எடுத்ததும் இல்லை. அதனால் என் வீட்டுக்காரர் நம்பரையே எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன். அவர் ஜவுளி குடோனில் வேலை பார்க்கிறார். வீட்டுக்கு வருகிற பணம்தானே, யார் போனில் வந்தால் என்ன என்று நினைத்தேன்.

அங்கேதான் தப்பு செய்தேன்.

யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்பது எனக்குத் தெரியாது. ராத்திரி அவர் சாப்பிட உட்காரும்போது நோட்டை எடுத்துக்கொண்டு போய் நிற்பேன். "இன்னிக்கு யாரு போட்டாங்க?" என்றால், "ஏதோ மூணு நாலு மெசேஜ் வந்துச்சு, பாத்துக்கலாம் விடு" என்பார். அவரையும் குறை சொல்ல முடியாது. குடோனில் லோடு ஏறுகிற நேரத்தில் என் 700 ரூபாய்க் கணக்கையா பார்த்துக்கொண்டிருப்பார்? வந்த பணம் வண்டித் தவணைக்குப் போனது, பெட்ரோலுக்குப் போனது. எனக்கு எழுதி வைக்கக்கூட எண் தெரியாது.

எங்கள் தெருவில் பிளவுஸ் தைக்கிற ஒரு அக்கா, முதல் நாளில் இருந்து வருகிறவர். ஒரு நாள் காலை, பத்துப் பேர் நிற்கும்போது, "ஏனுங்க அக்கா, ரெண்டு மாசமா உங்க பணம் வரலியே" என்று கேட்டுவிட்டேன். நான் சாதாரணமாகத்தான் கேட்டேன். அவர் முகம் செத்துப்போனது. "போட்டனே அம்மிணி" என்று ஒரு வார்த்தை சொன்னார். மற்றவர்கள் குனிந்து விரிப்பைச் சுருட்டினார்கள். சாயங்காலம் மகனின் போனை வாங்கி வந்து காட்டினார். இரண்டு மாசமும் 5-ம் தேதி, என் வீட்டுக்காரர் கணக்குக்கு, ஒரு நாள் பிசகாமல் போயிருக்கிறது. மகன் பேரில் வந்ததால் இவரும் கவனிக்கவில்லை. நான் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "காசில்லாதவன்னு பத்துப் பேரு முன்னால ஆயிடுச்சல்ல" என்றார். அதோடு அவர் மாடிப்படி ஏறவில்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. மறுநாளே பழைய பாஸ்புக்கைத் தேடி எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனேன். இரண்டு வருஷத்துக்கு மேல் வரவு செலவு இல்லாவிட்டால் அதைச் 'செயல்படாத கணக்கு' என்று ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். ஆதார், பான் கார்டு, போட்டோ கொடுத்து, பாரம் எழுதி உயிர் கொடுக்கச் சொன்னேன். இன்னொரு சிக்கலும் அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கணக்கில் பதிந்திருந்த போன் நம்பரும் என் வீட்டுக்காரருடையது! யு.பி.ஐ. வேண்டும் என்றால் பேங்கில் பதிந்த நம்பரின் சிம் நம் போனிலேயே இருக்கணும். அதற்கு ஒரு பாரம், ஏ.டி.எம். கார்டுக்கு ஒரு பாரம். மூன்று நடை நடந்தேன். கார்டில் உள்ள கடைசி ஆறு எண்ணையும் கார்டு முடிகிற தேதியையும் போட்டுத்தான் ரகசிய எண் வைக்க முடிந்தது. பத்தாவது படிக்கிற என் மகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள்.

"உனக்குத் தனியா எதுக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார், "அவ குனிஞ்சு நிமுந்து சம்பாரிக்கறா, அவ பேருல இருந்தா உனக்கென்னடா வலிக்குது?" என்றார். பதினேழு வருஷத்தில் அத்தை எனக்காகப் பேசியது அன்றுதான். (இதை அவர் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

கணக்கு என் பேருக்கு வந்ததும் தொல்லை தீர்ந்தது என்று நினைத்தேன். முதல் மாசம் பார்த்தால், வந்த இருபது பேரில் பதினான்கு ஆண் பெயர்! குமார், சண்முகம், செந்தில் என்று வரிசையாக... பெண்கள் ஜிம்மில் இத்தனை ஆண்கள் எப்போது சேர்ந்தார்கள் என்று மகள் சிரித்தாள். எல்லாம் கணவன், மகன், அண்ணன் கணக்கில் இருந்து வந்தது. யார் வீட்டுக் குமார், எந்தச் செந்தில்? பணம் அனுப்பும்போது கீழே குறிப்பு எழுத ஒரு இடம் இருக்கிறது. அதில் உங்கள் பெயரும் மாசமும் போடச் சொல்லுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சினேன். பாதிப்பேர் போடுகிறார்கள். மற்றவர்களுக்கு, எந்தப் பேரில் வரும் என்று நோட்டில் ஒரு பத்தி தனியாகப் போட்டு வைத்திருக்கிறேன். பணம் வந்த அன்றே தேதி போட்டு ஒரு துண்டு ரசீது கையில் கொடுத்துவிடுகிறேன். இனி யாரிடமும் நான்கு பேர் முன்னால் கேட்பது இல்லை.

இதிலே ஒன்று கவனித்தேன். எங்கள் பெண்கள் சிலருக்கு 2023 செப்டம்பரில் இருந்து மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் அவரவர் கணக்குக்கே வருகிறது. கணக்கு இல்லாதவர்கள் இல்லை. ஆனால் கார்டு அவர் பர்ஸில், நம்பர் மகன் போனில். என்னைப் போலவேதான் இருந்திருக்கிறார்கள். நான் பேங்குக்கு நடந்த கதையைச் சொன்னதும் ஐந்து பேர் போய் நம்பரை மாற்றிக்கொண்டு வந்தார்கள்.

வயசான அம்மா ஒருத்தருக்கு பெங்களூரில் இருக்கிற மகள் மூன்று மாசத்துக்கு ஒரு முறை நெஃப்ட்டில் அனுப்புவார். நான் கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணும் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். எவ்வளவு போட்டும் ஏற்கவில்லையாம். அந்தப் பதினோரு எழுத்தில் ஐந்தாவது பூஜ்ஜியம். என் கையெழுத்தில் அது ஆங்கில 'ஓ' மாதிரி இருந்திருக்கிறது. இப்போது பாஸ்புக் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்தே அனுப்பிவிடுகிறேன்.

கடைகளில், பணம் வந்தால் சத்தம் போட்டுச் சொல்கிற பெட்டி இருக்கிறதே, அதை வைக்கச் சொல்லி ஒரு பையன் வந்தான். மாச வாடகையாம். வேண்டாம் என்றுவிட்டேன். கணவர் தவறிப்போன ஒரு பெண்ணிடம் நான் 300 ரூபாய்தான் வாங்குகிறேன். அது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். பெட்டி ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி 'முன்னூறு ரூபாய்' என்று கத்தினால் அவர் எப்படித் தலை நிமிர்ந்து நிற்பார்?

போன வருஷம் ஒருத்தன் என்னையும் ஏமாற்றப் பார்த்தான். மனைவியைச் சேர்க்கணும், மூன்று மாசத்துக்கு 2,100 அனுப்புகிறேன் என்றான். உடனே என் போனில் 21,000 வந்ததாக ஒரு மெசேஜ். "ஐயோ அக்கா, ஒரு சைபர் கூடிப்போச்சு, ஆஸ்பத்திரிக்கு வெச்ச காசு, 18,900 திருப்பிப் போடுங்க" என்று அழுகிற குரலில் பேசினான். எனக்கு மனசு இளகிவிட்டது. ரகசிய எண்ணைப் போடப் போனேன். மகள் கையைப் பிடித்து, "முதல்ல பேலன்ஸைப் பாரும்மா" என்றாள். ஒரு பைசா வரவில்லை! அந்த மெசேஜ் பேங்கில் இருந்து வந்ததே இல்லை, சாதாரணப் பத்து எண் போனில் இருந்து வந்தது. சகோதரிகளே, நமக்குப் பணம் வருவதற்கு நாம் ரகசிய எண் போட வேண்டியதே இல்லை. போடச் சொன்னால் நம்மிடம் இருந்து எடுக்கிறார்கள் என்று அர்த்தம். பணம் போய்விட்டால் 1930-க்குத் தாமதிக்காமல் போன் செய்யணும் என்று மகள் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

2025 ஜூலையில் கர்நாடகாவில் சின்னக் கடைக்காரர்களுக்கெல்லாம் யு.பி.ஐ. வரவைப் பார்த்து வரி நோட்டீஸ் போனது என்று செய்தி வந்தபோது வயிற்றைக் கலக்கியது. தெரிந்த ஆடிட்டரிடம் ஓடினேன். சேவைத் தொழிலுக்கு நம் ஊரில் வருஷம் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு, பொருள் விற்கிறவர்களுக்கு 40 லட்சம் என்று சொன்னார். என் மாடிக்கு 20 லட்சம் வரணும் என்றால் ஈரோடு பெண்கள் எல்லோரும் வந்து படியில் நிற்கணும்!

ஆனால் என் பேரில் கணக்கு வந்ததன் முழு அருமை பேங்க் லோன் கேட்டபோதுதான் புரிந்தது. முதல் தடவை சைக்கிள் வாங்க முத்ரா கடன் கேட்டுப் போனேன். 50,000 வரைக்கும் உள்ள 'ஷிஷு' என்ற பிரிவு. "உங்க தொழில் வரவு எங்கேம்மா?" என்று கேட்டார் ஆபீசர். எல்லாம் வீட்டுக்காரர் கணக்கில் இருந்தது. அது அவர் வரவு, என் வரவு இல்லையாம். மூன்று வருஷம் 4.30-க்கு எழுந்து பாடுபட்டதற்கு ஒரு காகிதம் கிடையாது. என் கணக்கில் ஒரு வருஷம் வந்தபிறகு, அதே மேஜையில் ஸ்டேட்மென்ட்டை வைத்தேன். 1 லட்சத்து 60 ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. கூட்டிப் பார்த்து எனக்கே திகைப்பு. 'டைம் பாஸ்' என்று சொல்லிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அந்தக் காகிதத்தை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். கடன் கிடைத்தது. கட்டியும் முடித்துவிட்டேன்.

இத்தனை சொல்கிறேனே, எல்லோரும் போனில்தான் கட்டணும் என்று நான் சட்டம் போடவில்லை. இந்த மாசம் இருபத்தாறு பேரில் நான்கு பேர் ரொக்கம். அதில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிறது. நடக்கச் சொல்லி டாக்டர் சொல்லியும் வீட்டில், "அதுக்கு 700 தண்டமா?" என்கிறார்களாம். கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருகிறார். பூ கட்டின காசைச் சில்லறையாக எண்ணித் தருகிறார். கணவர் கணக்கில் இருந்து ஒரு தடவை போட்டால் மெசேஜ் அவருக்குப் போய்விடும், மறுநாள் இந்தப் பெண் வர முடியாது. அவருக்கு மட்டும் ரசீதும் கொடுப்பதில்லை. என் நோட்டில் ஒரு புள்ளி வைத்துக்கொள்கிறேன். அந்த ஹார்லிக்ஸ் டப்பாவைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

அந்தத் தையல் அக்கா திரும்ப வகுப்புக்கு வரவே இல்லை. என் பிளவுஸ் எல்லாம் இன்னும் அவரிடம்தான் தைக்கக் கொடுக்கிறேன். தீபாவளிக்குத் தைத்தது வாங்கப் போனபோது, போனை எடுத்து, "நம்பர் சொல்லுங்கக்கா, போட்டு விடறேன்" என்றேன். ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே, "எனக்குக் கையில காசாக் குடுத்துரு அம்மிணி. அப்பறம் வரலைன்னு நானும் கேக்க வேண்டாம், போட்டனேன்னு நீயும் சொல்ல வேண்டாம்" என்றார். வீட்டுக்கு வந்து, டப்பாவில் இருந்து நானூறு ரூபாய் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

— ஒரு வாசகி, ஈரோடு.