சுட்ட மண்ணில் பூத்த சுவர்கள்

சென்னைத் துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில், பிராட்வேயில், 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் ஒரு கலைப்பள்ளி தொடங்கினார். இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரியின் தொடக்கம் அதுதான். ஓவியத்தோடு மண்பாண்டம், ஓடு முதலியவை செய்யவும் அங்கே பயிற்சி தந்தார்கள். கல்லில் ஒரு பூவைச் செதுக்கப் பல நாள் ஆகும். மண்ணில் அச்சு எடுத்துவிட்டால் அதே பூவை எத்தனை முறை வேண்டுமானாலும் வார்க்கலாம்.

இந்தச் சிக்கனத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனது அமெரிக்கா. 1871-இல் சிகாகோ தீப்பிடித்து எரிந்த பிறகு, தீயில் எரியாத, கல்லைவிட எடை குறைந்த பொருளை அங்கே தேடினார்கள். எஃகுச் சட்டகத்தின் மேல் சுட்ட மண்ணைப் போர்த்தினார்கள். 1913-இல் நியூயார்க்கில் திறக்கப்பட்ட உல்வொர்த் கட்டடம் அப்படி மண் போர்த்தி எழுந்ததுதான். சிகாகோவின் ரிக்லி கட்டடத்தைப் போர்த்திய சுட்ட மண்ணில் ஆறு வகை வெள்ளை நிறங்கள் உண்டு.

செய்முறை இது. காய்ந்து வேகும்போது களிமண் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு சுருங்கும். அதனால் மாதிரியை முதலிலேயே பெரிதாகச் செய்து, அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு எடுப்பார்கள். சுட்டுப் பொடித்த மண்ணைக் களிமண்ணோடு கலந்து அச்சில் கையால் அழுத்துவார்கள். உள்ளே கூடாக விடுவதால் எடை குறையும். காய்ந்ததும் கிளேஸ் கலவையைத் தெளித்து, ஆயிரம் டிகிரி செல்சியசுக்கு மேல் சூளையில் வேகவைப்பார்கள். கலவை உருகிக் கண்ணாடியாகப் படியும். ஊறுகாய் ஜாடியின் பளபளப்பும் இதே வகைதான்.

கெடுவது எங்கே? மழைநீர் பெரும்பாலும் இணைப்புகளில்தான் புகும். கண்ணாடிப் படலம் அதை வெளியே விடாது. சுட்ட மண் துண்டுகளைப் பிடித்திருக்கும் இரும்புக் கொக்கி துருப்பிடித்துப் பருத்து, மண்ணைப் பிளக்கும். ராயபுரம், திருவொற்றியூர் போன்ற கடலோரங்களில் உப்பும் சேர்ந்துகொள்ளும். அது மண்ணுக்குள் படிகமாகி, மேல்படலத்தை உரித்துத் தள்ளும். சேதம் முற்றினால் துண்டுகளையே மாற்ற வேண்டியிருக்கும். உல்வொர்த் கட்டடத்தில் 1970-களின் கடைசியில் தொடங்கிய சீரமைப்பில், ஆயிரக்கணக்கான துண்டுகளைக் கழற்றிவிட்டு கான்கிரீட் பலகைகளைப் பொருத்த வேண்டியதாயிற்று.

உங்கள் பகுதியில் பழைய கட்டடத்தின் அலங்காரத்தில் விரிசல் தெரிந்தால், உடனே சிமென்ட் பூசிப் பெயின்ட் அடிக்காதீர்கள். தண்ணீர் எங்கிருந்து உள்ளே இறங்குகிறது என்று முதலில் பாருங்கள். இணைப்பை அடைத்த பிறகு அலங்காரத்தைத் தொடுங்கள்.