குளிரின் காவலில் காந்தங்கள்

சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்தை நோக்கி வெப்பம் செல்வது இயற்கையின் நியதி. கடத்தல், சலனம், கதிர்வீசல் என்னும் மூவகை வழிகளைப் பள்ளிப் பருவத்திலேயே நாம் பயின்றுள்ளோம். இம்மூன்றையும் அடைத்து, மீறி நுழையும் வெப்பத்தையும் இடையறாது வெளியேற்றினாலன்றி இயங்காத கருவி ஒன்றுண்டு. சுவிட்சர்லாந்து, பிரான்சு நாடுகளின் எல்லையில், ஜெனிவா நகருக்கு அருகே, செர்ன் ஆய்வு நிலையம் நிலத்தடியில் அமைத்த பெருந்துகள் முடுக்கியே அது.

27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள அம்முடுக்கியில் புரோட்டான் கற்றையை வளைத்துச் செலுத்துபவை 1,232 மின்காந்தங்கள். ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 35 டன் எடையும் உடையது. அவற்றின் சுருள்கள் நியோபியம்-டைட்டானியக் கலவையால் ஆனவை. கடுங்குளிரில் இக்கலவை மின்தடையை இழந்து மீக்கடத்தியாகிறது. ஆதலின் பத்தாயிரம் ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டமும் சூடு விளைக்காமல் பாய்கிறது. இப்பண்பை 1911ஆம் ஆண்டு பாதரசத்தில் கண்டறிந்தவர் ஹாலந்து நாட்டு அறிஞர் காமர்லிங் ஓன்ஸ். 1908இல் ஹீலியத்தை முதன்முதலில் திரவமாக்கியவரும் அவரே.

திரவ ஹீலியம் 4.2 கெல்வினில் கொதிக்கும். அதனை 1.9 கெல்வின் வரை, அதாவது சுழிக்குக் கீழே 271 டிகிரி செல்சியஸ் வரை, மேலும் குளிர்விப்பது ஏன்? காரணம் இரண்டு. குளிர் மிகுந்தால் சுருள் தாங்கும் காந்தப்புலமும் மிகும். மேலும், 2.17 கெல்வினுக்குக் கீழே ஹீலியம் மீப்பாய்மமாகிறது. அந்நிலையில் அது நுண்ணிய இடுக்கிலும் புகும். செம்பைவிடப் பன்மடங்கு திறம்பட வெப்பத்தைக் கடத்தும். அது புகுவதற்கென்றே கம்பிகளின் காப்புறையில் சிறு இடைவெளிகள் விடப்பட்டுள்ளன. வெளிவெப்பம் நுழையாதவாறு, வெற்றிடமும் கதிர்களைத் திருப்பும் பளபளப்பான படலங்களும் சூழ நின்று காக்கின்றன.

இத்துணைக் காவல் எதற்கு? கடுங்குளிரில் பொருள்களின் தன்வெப்பம் மிகக் குறைந்துவிடும். கற்றையினின்று சிதறிய துகள்கள் சில மோதினாலும், கம்பி இம்மியளவு நகர்ந்தாலும் அவ்விடம் சூடேறும். சூடேறினால் மின்தடை தோன்றும். மின்தடை மேலும் சூட்டைப் பிறப்பிக்கும். அச்சூடு சுருளெங்கும் பரவும்.

2008 செப்டம்பர் 19 அன்று, காந்தங்களுக்கு இடையிலான மின்னிணைப்பு ஒன்றிலிருந்த குறையால் மின்வில் மூண்டு, ஹீலியக் கலம் துளைபட்டது. திரவம் வாயுவாகி விரிந்த அழுத்தத்தில் மாபெரும் காந்தங்களே இடம்பெயர்ந்தன. ஏறத்தாழ 6 டன் ஹீலியம் வெளியேறிற்று. 53 காந்தங்களை வெளியே எடுக்க நேர்ந்தது. ஓராண்டுக்கும் மேலான உழைப்பிற்குப் பின்னரே, 2009 நவம்பரில், முடுக்கி மீண்டும் இயங்கியது.

இக்காந்தங்களைத் தாங்கி நிற்கும் நுண்ணளவுத் தாங்கிகளை வழங்கியது நம் இந்தியா என்பது பெருமைக்குரியது. மேன்மையைச் சுட்டும் 'மீ' என்னும் பழஞ்சொல், மீக்கடத்தி, மீப்பாய்மம் எனப் புதிய அறிவியலையும் ஏந்தி நிற்பது தமிழுக்குப் பெருமை. பேராற்றல் மிக்க கருவியையும் ஒரு சிற்றிணைப்பின் குறை முடக்கிவிடும். இறைவனின் படைப்பை ஆராயப் புகும் மாணவச் செல்வங்கள், சிறியதென எதனையும் இகழாதிருத்தல் வேண்டும்.